அறுத்த கல்லும் பாவிய தளமும்

அழகர்கோவில் சாலையில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியிருக்கும் நண்பர் ஒருவர், தம் வீட்டின் முன்புறம் மகிழுந்து நிறுத்துவதற்கு ஒரு தளம் அமைக்க விரும்பினார். முதலில் சிமெண்டுக் கற்களைப் பதித்தார். பதித்துக் கொடுத்தவர் அடிமண்ணை இறுக்காமல் மணலை மட்டும் பரப்பிவிட்டுப் போய்விட்டதால், முதல் மழைக்கே சக்கரம் நிற்கும் இரண்டு தடங்களும் பள்ளமாயின. அடுத்ததாக, பளபளப்பான மெல்லிய கிரானைட் பலகைகள் வந்தன. வண்டி ஏறிய மூன்றாம் நாள் அவற்றில் இரண்டு குறுக்கே வெடித்தன. மூன்றாம் முறையாகத் தளத்தைத் தோண்டும்போதுதான் நண்பருக்கு எங்கள் நினைவு வந்தது. "கோயில் கோயிலாகப் போய்க் கல்லைப் பார்த்துக் கொண்டிருக்கிறீர்களே, வீட்டுக்கு ஒரு கல் சொல்லக் கூடாதா?" என்று தொலைபேசியில் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். கல்வெட்டைப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றும் எங்களுள் ஒருவருக்கும் ஒரு கல்லை எப்படித் தரையில் பதிப்பது என்று தெரியாது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வர் போய் இறங்கினோம். வாசலில் கருங்கல் பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மதுரையில் இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டின் முற்றத்திலிருந்தும் தாழ்வாரத்திலிருந்தும் பெயர்த்தெடுத்தவை என்றார் நண்பர். ஏறத்தாழ 2 அடி அகலம், 3 அடி நீளம், 4 அங்குலக் கனம். கருங்கல்லில் ஒரு சதுர அடி, ஓர் அங்குலக் கனத்திற்கு 6 கிலோவுக்குச் சற்று மேல் எடை வரும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு பலகையும் 150 கிலோ. வேலைக்கு வந்திருந்த கொத்தனார் வயதில் மூத்தவர். நாங்கள் செய்யச் சொன்ன முதல் காரியம் அவருக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு பலகையையும் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டுமாறு வேண்டினோம்.

"அடியில என்ன தம்பி இருக்கப் போகுது? மண்ணுதான் இருக்கும்" என்றார்.

அவருக்குச் சொன்ன விடையைத்தான் இந்தக் கட்டுரையில் சற்று விரித்துச் சொல்ல முயல்கிறோம்.

பாவுதல் என்னும் சொல்

கற்களைத் தரையில் வரிசையாகப் பதிப்பதற்குத் தமிழில் அழகான ஒரு வினைச்சொல் உண்டு. அது பாவுதல். கல் பாவிய தெரு, கல் பாவிய முற்றம் என்று நம் பாட்டன்மார் இயல்பாகச் சொன்னார்கள். நெசவில் நீளவாட்டில் பரப்பும் நூலுக்குப் பாவு என்று பெயர். நாற்றைப் பாவுதலும் உண்டு. பரப்புதல் என்ற ஒரே பொருள் தறியிலும் வயலிலும் தரையிலும் இழையோடுகிறது. கோயில் கட்டடக்கலையில் இதற்குரிய சொல் தளவரிசை. கல்வெட்டுகளிலும் இச்சொல் வழங்குகிறது. இன்னார் இந்தத் தளவரிசையைச் செய்வித்தார் என்று தரைக்கல்லுக்கும் கொடையாளர் பெயர் பொறிக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. தூணுக்கும் உத்தரத்திற்கும் நிலைக்காலுக்கும் மட்டும் உரிய பெருமை அன்று அது. நாம் மிதித்து நடக்கும் கல்லுக்கும் ஒரு பெயர் இருந்தது.

இந்தப் பெயர் வழக்கம் எவ்வளவு பழையது என்று பார்க்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நண்பர் வீட்டு மாடியில் நின்றால் தெரியும் அழகர்மலையே அதற்குச் சான்று.

உப்பு வணிகனின் தளம்

அழகர்கோவிலிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் கிடாரிப்பட்டி என்றொரு ஊர் இருக்கிறது. ஊருக்கு மேலே மலைச்சரிவில் பெரியதோர் இயற்கைக் குகைத்தளம். மக்கள் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பாண்டவருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சமணத் துறவியர் தங்குவதற்காகப் பாறைத் தரையை உளியால் கொத்தி, மட்டமாக்கி, வழவழப்பாகத் தேய்த்து, தலைப்பக்கம் சற்றே உயர்த்தி அமைத்த கற்படுக்கைகள் அவை. அருகில் குளிர்ந்த நீர் நிறைந்த சுனை. குகையின் மேல்விளிம்பில் மழைநீர் உள்ளே வழியாதவாறு ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். தரையைச் செப்பனிடும் முன் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்திருக்கிறார்கள்! இந்தக் காடியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு திரும்பி வருவோம்.

அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அவற்றில் அரசர் கூட்டம் இல்லை. மதுரையைச் சேர்ந்த உப்பு வணிகர் ஒருவர், வெல்லம் விற்றவர் ஒருவர், ஏர்க்கொழு விற்றவர் ஒருவர், துணி விற்றவர் ஒருவர், பொற்கொல்லர் ஒருவர் என்று அன்றைய மதுரைக் கடைத்தெருவே தன் பெயரைப் பாறையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து அச்சணந்தி என்னும் சமண முனிவர் அதே குகையில் திருவுருவம் ஒன்றைச் செதுக்கச் செய்து, அது தம் செயல் என்று வட்டெழுத்தில் பொறித்தார்.

கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையிலும் இத்தகைய படுக்கைகள் உண்டு. சேர மரபினர் வழிமுறையைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஒரு துறவிக்காகச் செய்வித்த அந்தப் படுக்கையை அக்கல்வெட்டு 'அறுத்த கல்' என்ற இரண்டு எளிய சொற்களால் குறிக்கிறது. மாங்குளத்துக் குகைகளில் நெடுஞ்செழியனின் அலுவலர் பெயர், கீழவளவில் தொண்டியிலிருந்து வந்த ஓர் அடியவரின் பெயர் என இப்பட்டியல் நீளும். தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் கணிசமானவை, ஒருவர் இன்னொருவருக்காகக் கல்தரையைச் செப்பனிட்டுக் கொடுத்த செய்தியைத்தான் சொல்கின்றன. யார் அறுத்தார், யாருக்காக அறுத்தார் என்ற இரண்டும் அந்தக் கல்லிலேயே இருக்கின்றன. எந்த மலை என்று எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை, ஏனென்றால் கல் மலையை விட்டு நகரவில்லை.

தேர் நிற்கும் இடம்

கல் மலையை விட்டு இறங்கி வந்த கதை கற்றளிகளோடு தொடங்குகிறது. அழகர்கோவிலுக்குள் நடந்து பார்த்தால் அது விளங்கும். வட்ட வடிவக் கருவறையும் திருக்கல்யாண மண்டபத்து நாயக்கர் காலச் சிற்பங்களும் பதினெட்டாம்படிக் கருப்பண்ணசாமியின் சந்தனம் பூசிய கதவுகளும் எல்லாரும் பார்ப்பவை. தொ.பரமசிவன் தம் ஆய்வு நூலாகிய 'அழகர் கோயில்' வாயிலாக, 1989இல், இந்தக் கோயிலுக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் இடையேயான உறவைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். அவர் தயவால் சுவரை விட்டு மனிதர்களைப் பார்க்கத் தெரிந்துகொண்டோம். தரையைப் பார்க்க எங்களுக்குக் கற்பித்தது நண்பரின் மகிழுந்து!

வண்டி நிறுத்தக் கல்தளம் வேண்டும் என்பது இக்காலத்துத் தேவை என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டின் ஒவ்வொரு பெரிய கோயில் ஊரிலும் தேர்நிலை என்று ஓர் இடம் உண்டு. ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நின்று, ஒரு நாள் மட்டும் ஓடி, மறுபடியும் அதே இடத்திற்கு வந்து நிற்க வேண்டிய ஊர்தி தேர். அழகர்கோவிலில் ஆடிப் பௌர்ணமியன்று தேரோட்டம். தேர் கிளம்பிவிட்டதா என்று கேட்பதை விட, நிலைக்கு வந்துவிட்டதா என்றுதான் மக்கள் கவலையோடு கேட்பார்கள். பாரம் ஓடும்போது பூமி பொறுத்துக்கொள்ளும். பாரம் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் பூமி அமுங்கும். மகிழுந்துக்கும் இதே கதைதான். சிறிய வண்டியே ஒரு டன் எடை வரும். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் உள்ளங்கை அளவு பரப்பில் 250 கிலோ ஓய்வின்றி அழுத்திக் கொண்டிருக்கும்.

கருங்கல் நசுக்கலைத் தாங்கும் அளவிற்கு வளைவைத் தாங்காது. அடியில் முழுவதும் ஆதாரம் இருந்தால் யானை ஏறினாலும் ஒன்றும் ஆகாது. ஓரிடத்தில் வெற்றிடம் இருந்தால், மேலே பாரம் ஏறும்போது பலகையின் அடிப்பக்கம் இழுபட்டு அங்கிருந்து வெடிப்பு மேலேறும். நண்பரின் மெல்லிய பலகைகள் மூன்றே நாளில் வெடித்ததற்குக் காரணம் இதுவே. பழைய கோயில் திருச்சுற்றுகளில் பெயர்ந்து கிடக்கும் தரைக்கற்களைக் கவனித்திருக்கிறோம். மேல்பக்கம் மட்டும் மட்டமாக இருக்கும், அடிப்பக்கம் கரடுமுரடாக, கைப்பிடிக் கனத்திற்கு மேல் இருக்கும். அந்தக் கரடுமுரடுக்கு ஏற்ப மண்ணைக் குழித்துக் கல்லை உட்கார வைத்திருப்பார்கள். கல்லுக்குக் கல் இடையே சாந்து இராது. தேவைப்பட்டால் எடுக்கலாம், திருப்பிப் போடலாம்.

எடுக்கலாம், திருப்பிப் போடலாம் என்பதில் ஒரு வசதி இருப்பதைப் போலவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பணியிலும் தரைக்கற்கள் இடம் மாறின. இடிந்த மண்டபத்தின் சுவர்க்கல் தரைக்கல்லாயிற்று. எழுத்து இருந்தால் வழுக்காது என்று மேலே வைத்தவர்களும் உண்டு, மட்டமான பக்கம் மேலே வர வேண்டும் என்று எழுத்தைக் கீழே வைத்தவர்களும் உண்டு. முன்னது நடந்து நடந்து தேய்ந்தது. பின்னது மண்ணுக்குள் உறங்குகிறது. 1887 தொடங்கி அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வெளிவருகின்றன. அவற்றில் படியெடுக்கப்பட்ட பல கல்வெட்டுகளை இன்று நேரில் தேடிச் சென்றால் கல்லே இருப்பதில்லை. அவற்றுள் எத்தனை நம் காலடியில் கவிழ்ந்து கிடக்கின்றனவோ! கொத்தனாரிடம் பலகைகளைப் புரட்டச் சொன்னதற்கு இதுவே காரணம்.

"அப்ப சரி தம்பி, எழுத்துள்ள கல்ல மிதிச்ச பாவம் எதுக்கு நமக்கு" என்று சொல்லிக் கடப்பாரையைக் கையில் எடுத்தார் அவர்.

விளிம்பு சொல்லும் காலம்

மொத்தம் 34 பலகைகள். ஒன்றிலும் எழுத்து இல்லை. ஏமாற்றம்தான். ஆனால் விளிம்புகளைப் பார்த்தபோது வேறொன்று படிக்கக் கிடைத்தது. ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் சீரான இடைவெளியில் சிறு சிறு அரைக்குழிகள். பாறையைப் பிளப்பதற்காக உளியால் இட்ட ஆப்புக் குழிகளின் மிச்சம் அவை. வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பை இறக்கி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மாறி மாறி அடித்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பாறை அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிரியும். அடி விழும் ஓசை மாறுவதை வைத்தே கல் பிளக்கப் போவதை உணர்வார்கள். பிளக்கத் தொடங்கிக் கைவிட்ட இத்தகைய குழிவரிசைகளை மாமல்லபுரத்துப் பாறைகளில் இன்றும் காணலாம். பல்லவர் காலத்திலிருந்து பாட்டனார் காலம் வரை முறையில் பெரிய மாற்றம் இல்லை.

பலகைக்கு இன்னொரு வழியும் இருந்தது. அது நெருப்பு. வார்த் என்னும் நிலவியலாளர் 1895இல் 'நேச்சர்' இதழில் பெங்களூர்ப் பகுதிக் கல்குவாரியில் தாம் கண்டதை எழுதியிருக்கிறார். பாறையின் மேற்பரப்பில் ஏழடி நீளத்திற்குக் காய்ந்த விறகை வரிசையாக எரிய விடுவார்கள். முன்னால் உள்ள பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். ஓசையில் அடித்தளத்தை விட்டுப் பிரிந்தது தெரிந்ததும் நெருப்பைச் சில அங்குலம் முன்னே தள்ளுவார்கள். மீண்டும் தட்டுவார்கள், மீண்டும் தள்ளுவார்கள். இப்படிப் பிரிந்த ஒரே பலகை 60 அடி நீளமும் 40 அடி அகலமும் அரையடிக் கனமும் இருந்ததாம்! கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 90 டன். ஒரு பங்கு எடை விறகுக்கு முப்பது பங்கு எடை கல் பெயர்ந்தது என்கிறார் அவர். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் பாறை தானாகவே வெங்காயத் தோல் போல் உரியும் இயல்புடையது. அந்த இயல்பை அறிந்து, அதையே சற்று விரைவுபடுத்தியவர்களின் தொழில்நுட்பம் அது. வெடிமருந்தின் அதிர்ச்சி அதில் இல்லை. மலையின் மேல்தோல் மட்டுமே உரிந்தது.

துளைக்கருவி வந்த பிறகு ஆப்புக் குழிகளின் இடத்தில் நீண்ட உருளைத் தடங்கள் தோன்றின. வைரமணிகள் கோத்த கம்பியால் அறுக்கும் முறை வந்தபின் அந்தத் தடமும் மறைந்தது. வெண்ணெயைக் கத்தியால் வெட்டியதைப் போல வழவழப்பான முகம். வாசகர்கள் தங்கள் வீட்டுக் கல்லின் விளிம்பைப் பார்த்து இந்த மூன்று காலங்களையும் பிரித்தறியலாம். சிறு குழி என்றால் உளி, நீள் உருளை என்றால் துளைக்கருவி, ஒன்றுமே இல்லை என்றால் கம்பி அல்லது வாள். தொழில்நுட்பம் முன்னேற முன்னேற, கல்லில் மனிதக் கையின் சுவடு குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

கோட்டை வீதியான கதை

பழைய கல்லை வாங்கியதில் நண்பருக்குச் சற்று மனக்குறை. இடிந்த வீட்டுக் கல் ஆகாது என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்கு மதுரையின் கதையைச் சொன்னோம்.

நாயக்கர் காலக் கோட்டையால் சூழப்பட்டிருந்த மதுரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூச்சுத் திணறியது. 1830களின் பிற்பகுதியில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். இடிக்கும் செலவை ஈடுகட்ட அவர் கண்ட வழி எளியது. மதிலை இடித்து அகழியை நிரப்புபவர்களுக்கு அந்த நிலத்தில் மனை கிடைக்கும். வேலை விரைவாக முடிந்தது. அகழி இருந்த இடத்தில் வெளிவீதிகள் தோன்றின. அளவைப் பணியைச் செய்த மாரட்டின் பெயரிலும், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் வீதிகள் அமைந்தன. இன்றும் அந்தப் பெயர்களே வழங்குகின்றன. கோட்டையை இடித்தவர்களுக்காவது அவர்கள் பெயர் மிஞ்சியது, கட்டியவர்களின் பெயர்கள் எங்கே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். விடை சொல்ல எங்களால் முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுதி. ஒருமுறை மலையிலிருந்து இறங்கிய கல் மீண்டும் மீண்டும் பயன்பட்டது. அதை வீணாக்குவதைப் பழைய மதுரை பாவமாகக் கருதியது. 150 கிலோக் கல்லை உளியால் பிளந்து, மாட்டு வண்டியில் ஏற்றி, இறக்கிய சமூகத்திற்கு அதன் அருமை தெரிந்திருந்தது. நண்பரின் 34 பலகைகளும் அந்த நீண்ட மரபில்தான் வந்து சேர்ந்திருக்கின்றன என்றோம். மனக்குறை தீர்ந்தது என்று நினைக்கிறோம்.

மதுரைக் கல்லுக்குக் காஷ்மீரத்துப் பெயர்

புதிய கல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிரானைட் கடையில் 'காஷ்மீர் ஒயிட்' என்றொரு கல் உண்டு. வெண்ணிறப் பரப்பில் கருஞ்சிவப்பு நிறக் கார்னெட் புள்ளிகள் தெறித்திருக்கும் அழகிய கல். உலகெங்கும் சமையலறை மேடைகளிலும் வரவேற்பறைகளிலும் அது கிடக்கிறது. அதற்கும் காஷ்மீரத்திற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது மேலூர் வட்டாரத்துக் கல்! 'கலோனியல் ஒயிட்' என்ற பெயரில் விற்பதும் நம் பக்கத்துக் கல்லே. உப்பு விற்றவன் பெயரைக்கூட இரண்டாயிரம் ஆண்டு காப்பாற்றிக் கொடுத்த மலைத்தொடரின் கல், தன் ஊர்ப் பெயரையே இழந்து கப்பல் ஏறியது.

பெயர் போன பிறகு கணக்கும் போனது. 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ.சகாயம் அரசுக்கு எழுதிய கடிதம் கிரானைட் முறைகேட்டால் ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கப் பணித்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை அளித்தார். கண்மாய்களும் ஓடைகளும் வயல்களும் கல்லுக்காகக் குழிகளான செய்தி அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. ரூபாய்க் கணக்கை விட எங்களை உறுத்தியது வேறு. கீழவளவில் தொண்டிக்காரரின் பெயர் பொறித்த குகைக்கு அருகிலேயே நின்று பார்த்தால், மலைகள் படிப்படியாக வெட்டப்பட்டிருப்பது தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் படுக்கும் அளவிற்கு மட்டும் கல்லைச் செதுக்கி, அதற்கும் தம் பெயரை எழுதி வைத்தார். அடுத்த மலையோ பெயரே இல்லாமல் போயிற்று.

மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. கி.பி. 770இல் மாறங்காரி தொடங்கிய நரசிங்கப் பெருமாள் குடைவரையையும் சமணச் சிற்பங்களையும் தாங்கி நிற்கும் மலை அது. சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்த எழுச்சியின் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, ஆயிரக்கணக்கானோரை இம்மலைகளுக்கு அழைத்துச் சென்றது. 2022 நவம்பரில் அழகர்கோவிலுக்குக் கிழக்கே உள்ள அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே வட்டாரத்தை உள்ளடக்கி 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது ஊர்கள் திரண்டெழுந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மலைக்கு அடுத்த ஆபத்து எந்தப் பெயரில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

தண்ணீர் போகும் வழி

இனி நண்பர் வீட்டுக்குத் திரும்புவோம். கொத்தனார் வேலையைத் தொடங்கினார். முக்கால் அடிக்கு மேல் தோண்டி, தளர்ந்த மண்ணை நீக்கி, அரையடிக்குக் கிராவலும் சல்லியும் கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு படையாக இடித்தார்கள். அதன் மேல் இரண்டங்குல மணல். நான்கு மூலையிலும் முளையடித்து நூல் பிடித்தார். வீட்டுப் பக்கம் உயர்ந்தும் தெருப் பக்கம் தாழ்ந்தும், பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. ஒவ்வொரு பலகையையும் இறக்கி, தட்டி, ஓசை கேட்டு, மந்தமாக ஒலித்தால் விட்டுவிட்டு, அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் மீண்டும் தூக்கி மணல் சேர்த்தார். 1895இல் பாறையைப் பிரிக்கக் கேட்ட அதே ஓசையை, இங்கே தரையோடு சேர்க்கக் கேட்டார்!

இடைவெளிகளுக்குச் சிமெண்டு பூசிவிடலாமா என்றார் நண்பர். அங்கேதான் நாங்கள் குறுக்கிட்டோம். கிடாரிப்பட்டிக் குகையின் நீர்க்காடியை இப்போது நினைவு கூரலாம். இங்கிலாந்தில் 2007இல் பெருவெள்ளம் வந்தது. வீட்டின் முன் தோட்டங்களைக் கல்லும் சிமெண்டும் போட்டு மூடி வண்டி நிறுத்துவது மழைநீர் வழிவதைக் கூட்டுகிறது என்று உணர்ந்து, 2008 அக்டோபர் முதல், ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டுத் தெருவில் நீரை வழிய விட்டால் அனுமதி பெற வேண்டும் என்று விதி செய்தார்கள். நம் மாநிலத்திலோ 2003லேயே மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிவிட்டது. கூரையிலிருந்து குழாய் இறக்குவதோடு நம் கடமை முடிந்தது என்று வாசலைச் சிமெண்டால் மூடிவிடுகிறோம்.

திருவரங்கத்தில் நடந்த திருப்பணி இதற்கு நல்லதொரு பாடம். பிற்காலத்தில் சேர்ந்த மேடுகளையும் கட்டுமானங்களையும் அகற்றி, பழைய வடிகால்களையும் மழைநீர் சேகரிப்பு அமைப்பையும் மீட்டார்கள். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது அந்தப் பணிக்குக் கிடைத்தது. கோயிலுக்கு விருது வாங்கித் தந்தவற்றுள் தண்ணீர் போகும் வழியும் ஒன்று என்றதும் நண்பர் சிமெண்டு மூட்டையை உள்ளே வைத்துவிட்டார். கற்களின் இடையே மணலும் பொடிச்சல்லியும் மட்டும் நிரப்பினோம். அந்த வார இறுதியில் பெய்த மழையில் வாசலில் தண்ணீர் நிற்கவில்லை, தெருவுக்கும் அதிகம் போகவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்.

வேலை முடிந்த மாலை, கொத்தனார் கடைசிப் பலகையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்தக் குழி போட்டவன் நல்ல கைக்காரன் தம்பி. ஒண்ணுக்கொண்ணு நூல் பிசகல" என்றார். யார் அவர், எந்த மலையில் நின்று அதைப் போட்டார் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. உப்பு வணிகனுக்குக் கிடைத்தது இவருக்குக் கிடைக்கவில்லை. எங்களால் இயன்றது ஒன்றுதான். பலகைகள் எந்த வீட்டிலிருந்து வந்தன, எத்தனை, என்ன அளவு, யார் எந்த நாளில் பதித்தது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைக்குமாறு நண்பரிடம் கொடுத்தோம். கொத்தனாரின் பெயரை அவரே எழுதினார்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குக் கல் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், நிறத்தைக் கேட்கிறோம். எந்த மலை என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவரும் தமக்குக் கல் அனுப்புபவரிடம் கேட்கத் தொடங்குவார். பழைய கல் கிடைத்தால் அதை வாங்குங்கள், பதிக்கும் முன் புரட்டிப் பாருங்கள். எழுத்து இருந்தால் பதிக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் விளிம்பைப் படியுங்கள்.